மஞ்சள் ஏறாத வண்ணம்

பல்வரிசையைச் சீராக்கப் பொருத்தப்படும் கிளிப்பில் முதலில் கண்ணில் படுபவை வண்ண ரப்பர் வளையங்களே எனினும், பல்லை நகர்த்துவது அவையல்ல. ஒவ்வொரு பல்லிலும் ஒட்டப்படும் பிராக்கெட் என்னும் சிறு தாங்கியின் பள்ளத்தில் கம்பி கிடக்கிறது. வளைக்கப்பட்ட அக்கம்பி தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலும் விசையே பல்லை மெல்ல இழுக்கிறது. கம்பி பள்ளத்தை விட்டு விலகாதபடி பிராக்கெட்டின் நான்கு முனைகளிலும் மாட்டப்படும் பாலியூரித்தேன் வளையம், வாயின் வெப்பத்தாலும் எச்சிலாலும் இழுவிசையை இழந்துவிடுவதால், ஏறத்தாழ 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. வண்ணம் எதுவாயினும் சிகிச்சையில் வேறுபாடு இல்லை.

ஆயினும் பிள்ளைக்கு அந்த வண்ணம் முக்கியம் என்பதற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம் ஓர் எடுத்துக்காட்டு. 2002 முதல் அந்நாட்டின் பொது மருத்துவக் காப்பீடு பல், தாடைக் கோளாறுகளை 5 படிநிலைகளாகப் பிரித்து, 3ஆம் படியிலும் அதற்கு மேலும் உள்ள 18 வயதுக்குட்பட்டோரின் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. குடும்பம் முதலில் செலுத்தும் 20 விழுக்காடும் சிகிச்சை முறையாக முடிந்தபின் திரும்பக் கிடைக்கிறது. கோளாற்றின் அளவை விதிமுறையும், கம்பியின் தடிமனை மருத்துவரும் முடிவு செய்துவிட, ஆண்டுக்கணக்கில் நீளும் இச்சிகிச்சையில் பிள்ளைக்கென எஞ்சும் முடிவு வளையத்தின் வண்ணம் ஒன்றுதான். அதனால்தான் அது அற்பமானதன்று.

ஊர்க் கால்பந்து அணியான ஹனோவர் 96இன் கழக வண்ணங்கள் கறுப்பு, வெள்ளை, பச்சை என்றாலும், அணி ஆடுவது சிவப்புச் சட்டையில். அணியின் ரசிகராக இருக்கும் சிறுவருக்குச் சிவப்பே பொருத்தம். வெள்ளை வளையம் அருகிலுள்ள பல்லை மஞ்சளாகக் காட்டும், கரும்பச்சையோ தூரத்திலிருந்து பார்ப்போருக்குப் பல்லிடுக்கில் சிக்கிய கீரையாகத் தோன்றும்.

அந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மஞ்சள்தூள் கூடுதலான ஒரு கவலை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் பாலியூரித்தேனுக்குள் ஊடுருவிவிடுவதால், எவ்வளவு துலக்கினாலும் கறை போகாது. நிறமற்ற வளையங்கள் ஒரே மீன்குழம்புச் சாப்பாட்டில் மஞ்சளாகிவிடும், இளநீலம் பச்சைச் சாயல் கொள்ளும். ஆயினும் கறை படிவது வளையத்தில்தான் என்பதாலும், அடுத்த முறை அது கழற்றி எறியப்படும் என்பதாலும், பிள்ளையின் தட்டிலிருந்து குழம்பை விலக்க வேண்டியதில்லை. கருநீலம், ஊதா போன்ற அடர்வண்ணங்கள் கறையை மறைப்பதோடு பல்லையும் வெண்மையாகக் காட்டுகின்றன. எடுப்பாகத் தெரிய வேண்டாம் என்போருக்கு வெள்ளிச் சாம்பல் நிறம் உலோகத்தோடு கலந்துவிடும். வளையமே வேண்டாத, தானே மூடிக்கொள்ளும் பிராக்கெட்டுகளும் உண்டு. அவற்றுக்கான கூடுதல் செலவு பெரும்பாலும் குடும்பத்தையே சேரும்.

எனவே பெற்றோர் இந்த விவரங்களை எடுத்துச் சொன்னபின் வண்ணத்தைப் பிள்ளையின் விருப்பத்துக்கே விட்டுவிடுவது நல்லது. அவர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியது வேறொன்று: வளையம் கழன்ற இடத்தில் கம்பியின் பிடி தளர்ந்து பல்லின் நகர்வு தடைப்படக்கூடும் என்பதால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே பல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.