வாதமும் விதண்டாவாதமும்

"விதண்டாவாதம் பேசாதே!" என்று வீட்டிலும் கூட்டத்திலும் நாம் வெகு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நமக்குப் பிடிக்காத கருத்தை யார் சொன்னாலும் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறோம். ஆனால், இச்சொல் வசைச்சொல்லாகப் பிறந்ததன்று. எப்படி வாதிட வேண்டும், வாதம் எங்கே கெடுகிறது என்பதை ஆராய்ந்த நியாய சாத்திரத்தின் கலைச்சொல் அது.

கௌதமர் இயற்றிய நியாய சூத்திரம், அறிய வேண்டிய பொருள்களை 16 ஆக வகுத்துள்ளது. வாதம், ஜல்பம், விதண்டை ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். உண்மையைக் காணும் பொருட்டு இரு தரப்பினரும் சான்றும் காரணமும் காட்டிப் பேசுவது வாதம். வெற்றி ஒன்றையே கருதி, சொற்புரட்டையும் கையாண்டு தன் கட்சியை நிலைநாட்ட முயல்வது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இன்றி, பிறர் கட்சியை உடைப்பதோடு நின்றுவிடுவது விதண்டை. அதுவும் ஆகாது, இதுவும் ஆகாது என்பவரிடம், "அப்படியானால் என்னதான் செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வராவிட்டால் அதுவே விதண்டை.

நல்லவர்கள் இருவர், ஒரே நோக்கம் உடையவர்கள், ஏன் மாறுபடுகிறார்கள்? பல சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களில் அமர்ந்து கேட்டவன் என்ற முறையில், மூன்று காரணங்களை நான் காண்கிறேன். மூன்றுமே நம் முன்னோர் அறிந்தவைதாம்.

முதலாவது, சொல். 'நவ' என்ற வடசொல்லுக்குப் புதிய என்றும் பொருள், ஒன்பது என்றும் பொருள். புதிய கம்பளி வைத்திருப்பவனை 'நவ கம்பளி உடையவன்' என்று ஒருவர் சொல்ல, "இவனிடம் ஒன்பது கம்பளி ஏது?" என்று மற்றவர் மறுப்பதை நியாய நூலார் சொற்புரட்டுக்கு உதாரணமாகக் காட்டுவர். நம் கூட்டங்களிலும் இது நடக்கக் கூடியதே. "திருவிழாச் செலவைக் குறைப்போம்" என்று ஒருவர் சொல்கிறார். அவர் மனத்தில் இருப்பது மின்விளக்கு அலங்காரம். கேட்பவர் மனத்தில் தோன்றுவதோ அன்னதானம். பிறகு ஒரு மணி நேரம் சச்சரவு!

இரண்டாவது, அளவை. உலகாயதர் கண்ணால் காண்பதை மட்டுமே சான்றாக ஏற்பர். நியாய நூலார் காட்சி, அனுமானம், உவமானம், சொல் என நான்கை ஏற்பர். சான்று எது என்பதிலேயே வேறுபட்டால் முடிவில் எவ்வாறு ஒன்றுபட முடியும்? ஒருவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார். மற்றவர் பெரியவர்கள் வகுத்த வழக்கத்தைச் சொல்கிறார். ஒருவர் முழக்கோலால் அளக்க, மற்றவர் தராசில் நிறுக்கிறார். இருவரும் பொய்யர் அல்லர். எந்த அளவையை முதலில் கொள்வது என்பதை அவர்கள் பேசித் தீர்க்கவில்லை, அவ்வளவே.

மூன்றாவது, 'நான்' என்னும் எண்ணம். சொல் தெளிவான பிறகும், சான்று கிடைத்த பிறகும் மனிதனை இறங்கிவரவிடாமல் தடுப்பது இதுவே.

இதற்கு மருந்தாக ஒரு வரலாறு சைவ மரபில் வழங்கி வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் 'சகலாகம பண்டிதர்' எனப் புகழ் பெற்றவர். மெய்கண்டாரின் குடும்பத்திற்கே குரு அவர். திருவெண்ணெய்நல்லூரில் வயதிற் சிறியவரான மெய்கண்டாரிடம் சென்று, "ஆணவத்தின் வடிவம் யாது?" என வினவினார். நிமிர்ந்து நின்ற அவரையே மெய்கண்டார் சுட்டிக் காட்டினார். பண்டிதர் எதிர்வாதம் தொடுக்கவில்லை. உண்மையை உணர்ந்து, வணங்கி மாணவரானார்.

பின்னர் அவர் இயற்றிய சிவஞான சித்தியாரின் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் வருவது பரபக்கம். பிற சமயத்தார் 14 பேரின் கொள்கைகளையும் அவரவர் தரப்பில் நின்று எடுத்துரைத்த பின்னரே மறுப்பு வருகிறது. தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் அதற்கும் பிறகுதான். எதிர்த்தரப்பைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பிறகே மறுக்கலாம் என்னும் பாடம் அதில் உள்ளது.

விதண்டைக்கும் ஒரு பயன் உண்டு என்கிறது நியாய சூத்திரம். முளைத்து வரும் பயிருக்கு முள்வேலி போல, தெளிந்த உண்மையை வம்பரிடமிருந்து காக்க அது உதவுமாம். ஆனால், வேலியை அறுவடை செய்து எவரும் பசியாறியதில்லை.

அன்பர்களே! கருத்து வேறுபாட்டால் எந்த அமைப்பும் அழிவதில்லை. அதைக் கையாளத் தெரியாமையால் பிளவுபட்டு, வழக்காடு மன்றம் வரை சென்று, அறப்பணிக்குச் சேர்ந்த பணத்தை வழக்குச் செலவில் கரைத்தவை உண்டு. அடுத்த கூட்டத்தில் மறுப்புச் சொல்ல எழுமுன், "தாங்கள் சொல்வது இதுதானே, ஐயா?" என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போம். பாதிப் பிணக்கு அங்கேயே தீரும். மீதிப் பாதி, உண்மையான வாதத்திற்கு உரியதாகும்.