டுரியானை உலர்த்தும் முறையில் உலோகத்தூளும் தயாரிக்கலாம்

பேரங்காடிகளில் பொட்டலமாக விற்கப்படும் உறையவைத்து உலர்த்திய டுரியான், பார்ப்பதற்கு அசல் சுளை போலவே இருக்கும். கையில் எடுத்தால் பஞ்சுபோல் எடையே தெரியாது. பழத்தை உறையவைத்து, அதிலுள்ள பனிக்கட்டியை உருகவிடாமல் நேரடியாக ஆவியாக்கி வெளியேற்றுவதால் அப்படி அமைகிறது. தண்ணீர் மட்டும் போய்விடும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதே முறையில் மிக நுண்ணிய உலோகத்தூளையும் பீங்கான்தூளையும் தயாரிக்க முடியும். லாண்ட்ஸ்பர்க், கேம்பெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் அமெரிக்காவில் உலோகத்தூளுக்கான வழிமுறையை வெளியிட்டனர். பெல் ஆய்வுக்கூடத்தினர் 1968இல் பீங்கானுக்கான முறையை விளக்கினர்.

தூளில் ஏன் இவ்வளவு அக்கறை?

பீங்கான் என்றால் தட்டும் கோப்பையும் மட்டுமல்ல. கைப்பேசிக்குள் இருக்கும் மின்தேக்கி, கார் எஞ்சினின் ஸ்பார்க் பிளக், செயற்கை இடுப்பு மூட்டு ஆகியவற்றிலும் பீங்கான் உண்டு. பொதுவாக இவற்றை உருக்கி வார்ப்பதில்லை. தூளை அச்சில் அழுத்தி, உருகுநிலைக்குக் கீழேயே சூடாக்குகிறார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. துகள் எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவு குறைந்த வெப்பத்திலேயே அது நெருக்கமாக இறுகும்.

தூளில் ஒரு கட்டியோ, சரியாகக் கலக்காத ஓர் இடமோ இருந்தால் அங்கே பழுது தங்கிவிடும். உலோகம் வளைந்து கொடுக்கும், பீங்கான் கொடுக்காது. விரிசல் அந்தப் பழுதிலிருந்தே தொடங்கும்.

வழக்கமாக ஆக்சைடுகளைக் குண்டுகள் உருளும் ஆலையில் போட்டு மணிக்கணக்கில் அரைப்பார்கள். எவ்வளவு அரைத்தாலும் ஒவ்வொரு துகளும் தனித்தனிப் பொருளாகவே இருக்கும். போதாக்குறைக்கு, தேயும் குண்டுகளின் துணுக்குகளும் தூளில் சேர்ந்துவிடும்.

தேவையான உலோகங்களின் உப்புகளைத் தண்ணீரில் கரைத்தால் அணு அளவிலேயே சீராகக் கலந்துவிடும். ஆனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவிட்டால் கலவை பிரிந்துவிடுகிறது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சமும் பிறகே சாப்பாட்டு உப்பும் படிவதைப்போல, குறைவாகக் கரையும் உப்பு முந்திக்கொண்டு தனியே படிந்துவிடும்.

நொடியில் உறையும் துளிகள்

இதைத் தடுக்க, உப்புக் கரைசலை நுண்துளிகளாக, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனுக்குள் தெளிக்கிறார்கள். உப்புகள் பிரிய நேரமில்லாமல் துளிகள் உறைந்துவிடுகின்றன.

பிறகு அவற்றை வெற்றிடக் கலத்தில் வைக்கிறார்கள். காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபாருக்குக் கீழே, அதாவது சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 160இல் ஒரு பங்குக்கும் கீழே போனால், தூய நீர் திரவமாக நிற்க முடியாது. பனிக்கட்டி நேராக ஆவியாகிவிடும். இறுதியில் எஞ்சுவது, உள்ளே துளைகள் நிறைந்த உப்பு உருண்டைகள்.

அவற்றைச் சூடாக்கினால் உப்பு சிதைந்து, வாயுக்கள் வெளியேறி, நுண்ணிய ஆக்சைடு தூள் கிடைக்கும். உலோகத்தூள் வேண்டுமானால் ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்க வேண்டும். டங்ஸ்டன், செம்பு போன்றவற்றின் ஆக்சைடிலிருந்து ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு நீராவியாக வெளியேறும்.

இதன் அருமையை டங்ஸ்டன்–செம்பு கலவையில் காணலாம். மின்னணுக் கருவிகளின் வெப்பத்தைக் கடத்த இது பயன்படுகிறது. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும். செம்போ சுமார் 2,560 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரண்டையும் ஒன்றாக உருக்கிக் கலக்க வழியில்லை. கரைசலில் கலந்து உறையவைத்தால், நெருக்கமாகக் கலந்த தூளைப் பெறலாம்.

1987இல் அறிவிக்கப்பட்ட இட்ரியம்–பேரியம்–செம்பு ஆக்சைடு மீக்கடத்திக்கும் இம்முறை கைகொடுத்தது. சுமார் மைனஸ் 180 டிகிரிக்குக் கீழே மின்தடையே இல்லாத இப்பொருளில், மூன்று உலோகங்களும் 1:2:3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அந்த விகிதம் தூள் முழுவதும் மாறாதிருப்பது அவசியம்.

எல்லா ஆலைகளிலும் ஏன் இல்லை?

முதல் காரணம் நேரமும் செலவும். கரைசலில் பெரும்பகுதி தண்ணீரே. அதைப் பனிக்கட்டியாக்கி மெல்ல வெளியேற்றப் பல மணி நேரமோ, நாள்களோ ஆகும். கிடைக்கும் தூளோ கொஞ்சம்தான்.

அடுத்து, உப்பு கலந்த நீர் எளிதில் முழுதாக உறையாது. சாப்பாட்டு உப்புக் கரைசலில் மைனஸ் 21 டிகிரி வரை திரவம் மிஞ்சியிருக்கும். சில உலோக உப்புகள் இன்னும் மோசம். உலர்த்தும்போது அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் துளிகள் உருகி நுரைத்து, உப்புகள் பிரிந்து, செய்த வேலையெல்லாம் வீணாகும்.

பாதுகாப்பும் முக்கியம். சல்பேட், நைட்ரேட் உப்புகளைச் சூடாக்கினால் நச்சு வாயுக்கள் வரும். மிக நுண்ணிய உலோகத்தூள் காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடும்.

அதனால் டன் கணக்கில் தேவைப்படும் ஓடுகளுக்கும் பாத்திரங்களுக்கும் அரைக்கும் ஆலையே போதும். கலவையில் சிறு குறை இருந்தாலும் பொருளே பயனற்றுப்போகும் இடங்களில்தான், உறையவைத்து உலர்த்தும் செலவுக்கு அர்த்தமுண்டு.