உங்களுக்குத் தெரியுமா? தெருப் பூனைக்கு முதல் வீடு ஓர் அட்டைப்பெட்டி

தெருவில் வளர்ந்த பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்தால், முதல் வேலையாகக் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கும். பாவம், அதை இழுத்து வெளியே எடுக்காதீர்கள். ஒளிந்திருக்கும்போதுதான் அதன் பதற்றம் தணிகிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாட்களிலேயே அமைதியடைந்தன. மற்றவற்றுக்குக் கூடுதல் நாள் பிடித்தது. ஆய்வு வெளியானது 2014இல். நமக்குத் தேவை மளிகைக்கடை அட்டைப்பெட்டி ஒன்றும் பழைய துணியும்தான். துணியை உடனே துவைத்துவிட வேண்டாம். அதில் படிந்த தன் வாசனைதான் பூனைக்குத் தைரியம்.

தோட்டத்து மண்ணைத் தோண்டிக் கழிவு போகப் பழகிய பூனை, அதற்கெனக் கடையில் விற்கும் துகள்களைச் சீந்தாமல் போகலாம். கழிவுத் தட்டில் மேலாக வெளிமண்ணைத் தூவி, நாளாக நாளாகக் குறையுங்கள். தட்டு, சோற்றுக் கிண்ணத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். தரையில் உட்கார்ந்து, கண்களை மெல்ல மூடித் திறங்கள். அப்படிச் செய்பவரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வருவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் காட்டியது. ஒருநாள் அது கதவு நிலையில் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பதிக்கும். அன்றிலிருந்து அது அதன் வீடு.