காதில் அயற்பொருள்

காதில் அயற்பொருள் என்பது வெளியிலுள்ள பொருளோ உயிரினமோ புறச்செவிக்குழலினுள் சிக்கிக்கொள்ளும் நிலையாகும். இது எல்லா அகவையினருக்கும் ஏற்படக்கூடும். எனினும் சிறு குழந்தைகளிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. பல வேளைகளில் சிக்கிய பொருளைவிட, அதை வீட்டிலேயே எடுக்க முயல்வதே கூடுதல் தீங்கை விளைவிக்கிறது.

புறச்செவிக்குழலின் அமைப்பு

வளர்ந்தவரின் புறச்செவிக்குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது. இதன் வெளிப்புற மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பாலும், எஞ்சிய பகுதி எலும்பாலும் ஆனது. இவை இணையும் இடத்தருகே குழல் குறுகுகிறது. எலும்புப் பகுதியின் தோல் மிக மெல்லியதாதலால், சிறிது உரசினாலும் வலியும் குருதிக்கசிவும் உண்டாகும். குறுகிய இடத்தைத் தாண்டி உள்ளே தள்ளப்பட்ட பொருளை எடுப்பது கடினம், செவிப்பறையும் கிழியக்கூடும்.

அகவைப் பிரிவுகள்

* குழந்தைகள்: பாசிமணி, பயறு, புளியங்கொட்டை, சிறு கல், காகிதம் முதலியவற்றை விளையாட்டாகக் காதில் இட்டுக்கொள்வர். அச்சத்தால் பெற்றோரிடம் கூறாமலிருப்பதும் உண்டு.
* வளர்ந்தோர்: காது குடையும்போது பஞ்சு, தீக்குச்சி ஆகியவற்றின் முனை உள்ளே தங்கிவிடும். உறங்குகையில் கரப்பான், எறும்பு போன்றவை புகுவதும் உண்டு.
* முதியோர்: காது கேட்கும் கருவியின் மென்முனை கழன்று உள்ளே தங்கலாம்.

அறிகுறிகள்

வலி, அடைப்பு, கேள்திறன் குறைவு, சீழ் வடிதல், துர்நாற்றம் ஆகியவை பொதுவான அறிகுறிகளாகும். அலைநரம்பின் கிளையொன்று செவிக்குழலுக்கு வருவதால் சிலருக்கு இருமலும் தோன்றும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

பொருளுக்கேற்ற மருத்துவம்

* விதை, பயறு: நீர் விட்டால் ஊறிப் பருத்து இறுகிவிடும்.
* உயிருள்ள பூச்சி: எண்ணெய் விட்டால் இறந்துவிடும், பின்னர் மருத்துவர் வெளியே எடுப்பார். செவிப்பறையில் துளை உள்ளோருக்கும் காதில் சீழ் வடிவோருக்கும் எண்ணெய் விடலாகாது.
* பொத்தான் மின்கலம்: ஈரத்துடன் சேர்ந்து காரத்தை உண்டாக்கிச் சில மணி நேரத்திலேயே தசையை அரிக்கும். நீர், எண்ணெய், சொட்டு மருந்து எதுவும் விடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.
* உருண்டையான மணி: இடுக்கியால் பற்றினால் வழுக்கி உள்ளே செல்லும். மருத்துவர் வளைந்த கொக்கியையோ உறிஞ்சு குழாயையோ பயன்படுத்துவார்.

அசையாதிருக்க இயலாத குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். பொருளை எடுத்தபின் மறு காதையும் மூக்கையும் சோதிப்பது வழக்கம்.

மாதனூர்ப் பகுதியில்

மாதனூர், திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆம்பூரை அடுத்துள்ள ஊராகும். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. தோல் தொழில் சார்ந்த இவ்வட்டாரத்தில் பெண்கள் பலர் காலணியின் மேற்பகுதிகளை வீட்டிலேயே தைக்கின்றனர். அலங்கார மணி, உலோக வளையம் போன்ற சிறு பொருட்கள் உள்ள வீடுகளில் அவற்றை மூடியுள்ள பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைத்தல் நலம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அடுக்கம்பாறையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகள் உள்ளன.

இவற்றையும் பார்க்க

* காது
* செவிப்பறை
* குறும்பி