இருபது நிமிடத்தில் வெண்ணெய்க் கோழி

பிறை தொழிற்பேட்டையில் வேலை முடிந்து செபராங் ஜெயா திரும்பும் சகோதரிகளே, இரவில் தினமும் கடைச் சாப்பாடுதான் கதி என்றில்லை. அலமாரியில் இனிப்பில்லாத டின் பால் இருந்தால் 20 நிமிடம் போதும்.

எலும்பில்லாத கோழி 400 கிராமைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். 2 கரண்டி வெண்ணெயில் பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கோழியின் சிவப்பு மறையும்வரை வதக்குங்கள். அரை டின் பால், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து, கறி உள்ளே நன்கு வெந்து குழம்பு கெட்டியாகும்வரை சிறுதீயில் விடுங்கள்.

தேங்காய்ப்பால் அதிகம் கொதித்தால் திரியும். ஏற்கெனவே சுண்டக் காய்ச்சிய டின் பால் எளிதில் திரியாது. தேநீருக்கான இனிப்புப் பாலை மட்டும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

கோழிக்கான அரசு விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் 1இல் நீங்கியது. செலவைக் குறைக்க, பாதிக் கோழிக்குப் பதில் வேகவைத்த உருளைக்கிழங்கு போடலாம்.

இவ்வளவு எளிய சமையலை அம்மாதான் செய்ய வேண்டுமா? முதலில் வீடு வருபவர் அடுப்பைப் பற்றவைக்கட்டும். எல்லோரும் சேர்ந்து உண்ணலாம்.