சோளகத்தில் சுருங்கும் கதவு

மன்னாரில் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். கார்த்திகை மாரியில் தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் சாத்தும் கதவு, ஆனி ஆடியில் சோளகம் வீசும்போது நிலைக்குள் கலகலவென்று ஆடும். கதவில் பழுது ஒன்றுமில்லை. வெட்டி நூறு வருடமானாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிப்பதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஓடாவி போடும் மூட்டுகளில் பெரும்பாலானவை இந்தத் தொல்லையோடு ஒத்துப்போகக் கண்டுபிடித்த வழிகள்தான். 'ஆணியே இல்லாமல் செய்தது' என்று நாம் வாய்பிளப்பது அதன் பக்க விளைவு.

மரத்தின் நார் நீண்டு ஒடுங்கிய கலங்களால் ஆனது. கலச்சுவரில் உள்ள செலுலோஸ் இழைகளும் பெரும்பாலும் நீளவாக்கில்தான் கிடக்கின்றன. ஈரம் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குவதால் கலம் பருக்கும், நீளாது. பச்சை மரம் முற்றாக உலர்ந்தாலும் நீளத்தில் 0.1 முதல் 0.2 விழுக்காடு வரைதான் குறையும். குறுக்கே கதை வேறு. தேக்கு நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 விழுக்காடும், வளையத்தின் வழியே சுமார் 5.8 விழுக்காடும் சுருங்குகிறது. 30 சென்ரிமீற்றர் அகலத் தேக்குப் பலகையின் ஈரப்பதன் நாலு விழுக்காடு கூடிக்குறைந்தால், அறுத்த விதத்தைப் பொறுத்து அகலம் இரண்டு மில்லிமீற்றருக்கு மேலும் மாறலாம்.

அப்படிப்பட்ட பலகையைச் சட்டத்தில் நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினால், அது வெடிக்கும் அல்லது சட்டத்தைப் பிரிக்கும். அதனால்தான் பழைய கதவுகளில் சட்டத்துக்குள் தவாளிப்பு வெட்டி, பலகையைப் பசையில்லாமல் செருகி விடுகிறார்கள். பலகை உள்ளே நகரும், சட்டம் அசையாது. சட்டத்தின் மூலையைப் பிடித்திருப்பது கழுந்து.

ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி நாக்காக்கினால் கழுந்து. அது போய் இறங்குவது மற்றக் கட்டையில் வெட்டிய துளை. கழுந்தின் தடிப்பு கட்டையில் மூன்றிலொன்று என்பது உலகமெங்கும் தச்சர்கள் கைக்கொள்ளும் கணக்கு. கழுந்து பருத்தால் துளையின் சுவர் மெலிந்து பிளக்கும், கழுந்து மெலிந்தால் அதுவே முறியும். 100 மில்லிமீற்றர் அகலம், 45 தடிப்புள்ள சட்டத்தை நுனியோடு சும்மா ஒட்டினால் பசை பிடிக்க 4,500 சதுர மில்லிமீற்றர் கிடைக்கும். அதுவும் நார் வெட்டுப்பட்ட முகம். பசையை உறிஞ்சிக்கொண்டு வறண்டு போகும். அதே சட்டத்துக்கு 60 மில்லிமீற்றர் நீளக் கழுந்து வைத்தால் இரண்டு கன்னங்களிலும் சேர்த்து 12,000 சதுர மில்லிமீற்றர் வரும். கன்னம் முழுக்க நாரின் பக்கவாட்டு, பசை உட்கார ஏற்ற இடம். பசை ஒருநாள் விட்டாலும் குறுக்கே அடித்த மரஆணி விடாது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கைக்கு வருவதற்குப் பட்டறைக்குத்தான் போகவேண்டும். பழக வருபவருக்கு முதலில் கிடைப்பது மரமல்ல, சாணைக்கல். மழுங்கிய உளி நாரை வெட்டாது, நசுக்கித் தள்ளும். துளை போடும்போது உளியின் வாய் நாருக்குக் குறுக்காக நிற்கவேண்டும். நாரோடு ஒட்டி வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டால் உளி ஆப்பாக மாறிக் கட்டையை நீளத்துக்குப் பிளந்துவிடும். நாரை அறுப்பது கடினம், நாரை நாரிலிருந்து பிரிப்பது சுலபம். மின்வாளில் மரத்தைத் தள்ளும் கைக்கு இந்த வித்தியாசம் சரியாகப் புரிவதில்லை என்பது என் எண்ணம். உளி பிடித்தவருக்கு ஒரே பகலில் புரிந்துவிடும். கழுந்தை வாளால் அரியும்போது, "கோட்டைத் தின்னாதே தம்பி, கோடு நிக்கட்டும்" என்பார்கள். கோட்டின் வெளியே அரிந்து, மிச்சத்தை உளியால் மயிரிழை மயிரிழையாகச் சீவி, கையால் தள்ளினால் பாதி தூரமும் கொட்டாப்புளியால் தட்டினால் மீதியும் இறங்குகிற அளவுக்குக் கொண்டுவருவதே பயிற்சி. சுத்தியல் கேட்கும் கழுந்து துளையைப் பிளக்கும்.

உப்புக்காற்று வீசும் கரையில் மரஆணிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து மரத்தை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். சுற்றியிருக்கும் நாரும் கறுத்து உதிரும்.

இரும்பே இல்லாத காலத்திலும் கழுந்து இருந்தது. ஜெர்மனியில் லைப்சிக் நகருக்கு அருகே தோண்டியெடுத்த கிணறுகளின் கருவாலி மரச் சட்டங்களில் துளையும் கழுந்தும் போட்டிருந்ததாக 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மரங்கள் கி.மு. 5206க்கும் 5098க்கும் இடையில் வெட்டப்பட்டவை, அதுவும் கல் வாய்ச்சியால். நம் நாட்டில் பார்க்கவேண்டுமென்றால் கண்டிக்கு அருகே எம்பெக்க தேவாலயத்துக்குப் போகலாம். அங்கே 26 கைமரங்களின் நுனியை ஒரே மரமுளை பிடித்து நிற்கிறது.

லைப்சிக் மரங்கள் வெட்டுப்பட்ட ஆண்டை அவற்றின் வளையங்களை ஒப்பிட்டுக் கண்டார்கள். மன்னார்த் தீவில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் பனையிடம் அந்த வித்தை பலிக்காது. பனையில் வளையமே இல்லை. புல்லும் மூங்கிலும் சேர்ந்த ஒருவித்திலைக் கூட்டத்தைச் சேர்ந்தது அது. ஆண்டுக்கு ஆண்டு பட்டைக்கடியில் புது மரம் சேர்க்கும் கலப்படை அதற்குக் கிடையாது. கறுத்த நார்க்கற்றைகள் விளிம்பில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பு வைரம், நடு சோற்றி. தென்னையில் இதை அளந்திருக்கிறார்கள்: விளிம்பில் கன மீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல், நடுவில் 400க்கும் கீழ்.

ஆகவே புத்தகத்து மூட்டு பனையில் அப்படியே எடுபடாது. வைரத்தில் உளி வைத்தால் கறுப்பு நார் ஊசி ஊசியாக எழும்பி விரலில் ஏறும், உளியின் வாய் பல்லுப்பல்லாக உடையும். சோற்றியில் துளை போட்டால் கழுந்துக்குப் பிடிமானமில்லை. பனையைப் பிளந்து சோற்றியைச் செதுக்கித் தள்ளி, வைரத்தை மட்டும் வளையாகவும் கைமரமாகவும் சலாகையாகவும் எடுத்துக்கொண்டார்கள் எங்கள் ஆட்கள். முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஓடும் நார் வளைவைத் தாங்கும் இடத்தில் அதைப் போட்டு, மூட்டு வேலையை முதிரைக்கும் பாலைக்கும் விட்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பனஞ்சலாகை கப்பலேறி வெளியூர் போனது. மன்னார் பள்ளிமுனையில் சுமார் 19 மீற்றர் சுற்றளவோடு நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்து 'எவ்வளவு பலகை வரும்' என்று நினைக்கத் தோன்றும். வராது. அது நீரைச் சேர்த்து வைக்கும் பஞ்சுமரம்.

கதவுக்குப் பகையான ஈரம் வள்ளத்துக்குத் துணை. பலகை வள்ளத்தின் பொருத்துகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்றுவார்கள். கடலில் இறங்கியதும் பலகை குடித்துப் பருத்து, பக்கத்துப் பலகையோடு நெருங்கிப் பொருத்தை அடைக்கும். கனநாள் கரையில் காய்ந்த வள்ளம் முதல் நாள் ஒழுகுவதும் பிறகு தானாக நிற்பதும் இதனால்தான். தும்புக்கயிறால் தைத்த பழைய படகுகளைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் ஹோர்னெல், 1902இல் மன்னார் முத்துச்சிலாபத்தை ஆராய வந்த விலங்கியலாளர் ஹெர்ட்மனுக்கு உதவியாளராக வந்தவர். சிப்பியைப் பார்க்க வந்தவரின் கண் படகுப் பக்கமும் போனது நமக்கு லாபம். பிற்காலத்தில் காரைநகர் சீநோர் பட்டறையிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் இறங்கின. அவை பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. ஓடாவிக்கு வேலை குறைந்தது.

மன்னாரில் யாராவது கைக்கருவித் தச்சு பழகப் போனால், என்னைக் கேட்டால், வேம்பில் தொடங்குவது நல்லது. எளிதில் கிடைக்கும், உளிக்கு இணங்கும், சேதமானால் நட்டமும் அதிகமில்லை. முதிரையை உடனே எடுக்கவேண்டாம். கனத்த, நார் பின்னி ஓடும் மரம். ஒரு பக்கம் சீவினால் பளபளக்கும், அடுத்த விரற்கடையில் பிய்ந்து வரும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கழித்த யன்னற் சட்டம் கிடைத்தால் மரஆணியைத் தட்டியெடுத்து மூட்டைப் பிரித்துப் பார்க்கலாம். கழுந்தின் கன்னத்தில் வாள் போன சுவடும், துளையின் அடியில் உளி நின்ற சுவடும் இன்னும் தெரியும்.