ரயிலில் வந்த தண்ணீர், சாக்கடையில் போன தண்ணீர்

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிய ரயில், 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மொத்தம் 25 லட்சம் லிட்டர். நிலையத்தில் அமைச்சர், அதிகாரிகள், தொலைக்காட்சி கேமராக்கள். வேகன்களிலிருந்து இறங்கிய நீர் குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்த அந்தக் கோடையில், சென்னைக்கு அது பெரிய செய்தி.

அதே நாளில் இன்னொரு தண்ணீரும் நகரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படம் பிடிக்க யாரும் போகவில்லை.

நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிவந்த சென்னைக் குடிநீர் வாரியம், அப்போது 52 கோடி லிட்டர் அளவுக்குக் குறைத்திருந்தது. ஒரு வீட்டுக்குள் போகும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்பது பொறியாளர்கள் திட்டமிடும்போது வைக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால், ரயில் 25 லட்சம் லிட்டரைக் கொண்டுவந்து இறக்கிய நாளில், குளியலறை, சமையலறை, கழிப்பறை வழியாக 40 கோடி லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போயிருக்கும். அவ்வளவையும் ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் 160 ரயில்கள் தேவை.

தண்ணீர்ப் பஞ்சம் என்றதும் பேச்சு வரும் தண்ணீரைச் சுற்றியே நடக்கிறது. ஒரு ஊரின் உடல்நலம், வேலைவாய்ப்பு, பெண்களின் நேரம், சில மனிதர்களின் உயிர் வரை தீர்மானிப்பது போகும் தண்ணீரும்தான்.

தேடிப் போன 250 ஆண்டுகள்

சென்னை தண்ணீரைத் தேடிப் போன கதை நீளமானது. 1772-ல் ஏழு கிணறு. 1872-ல் செங்குன்றம் ஏரி நீர். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். 1996-ல் ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர். 2004-ல் 230 கிலோமீட்டர் குழாய் போட்டு வீராணம் ஏரி நீர். 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் தலா 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். ஒவ்வொரு முறையும் நகரம் இன்னும் தூரமாகப் போயிற்று, இல்லையென்றால் இன்னும் அதிகம் செலவழித்தது.

2003-ல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோதுதான் முதல்முறையாகத் தன் கூரையின் மேல் விழும் நீரை நகரம் கணக்கில் எடுத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல பகுதிகளில் கிணற்று மட்டம் உயர்ந்ததையும், உப்பேறிய நீர் தெளிந்ததையும் மக்களே கண்ணால் பார்த்தார்கள். பராமரிப்பு விட்டுப்போன இடங்களில் அந்தப் பலனும் போயிற்று.

கழிவுநீரின் கதை இதைவிடச் சிறியது. சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-ல் வகுக்கப்பட்டது. 1961-ல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று எண்ணி அன்றைய பொறியாளர்கள் குழாய்களின் அளவை முடிவு செய்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது நகரில் 17 லட்சம் பேர் இருந்தார்கள். பிறகு குழாய்கள் கூடின, நிலையங்கள் பெருகின. ஆனாலும் நகரம் வளர்ந்த வேகத்துக்குச் சாக்கடை வளரவில்லை. எஞ்சியதைக் கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் சுமந்தன.

குடத்தின் கணக்கு

ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். அதாவது 15 கிலோ. ஒரு குடும்பத்துக்கு நாளைக்குப் பத்துக் குடம் என்றால் 150 கிலோ சுமை. அதைத் தூக்குவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். 2019 கோடையில் சென்னையின் பல தெருக்களில் லாரி வரும் நேரம் தெரியாமல் நள்ளிரவிலிருந்தே குடங்கள் வரிசையில் நின்றன. வரிசையில் நின்றவர்கள் மறுநாள் வீட்டுவேலைக்கோ கட்டட வேலைக்கோ போக முடியாவிட்டால், அன்றைய கூலி போயிற்று. அந்த இழப்பு எந்தப் பட்ஜெட்டிலும் பதிவாவதில்லை.

வசதியுள்ளவர்களும் தப்பவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள சில மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. அடுக்குமாடிக் குடியிருப்புகள் தனியார் லாரிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தன. ஆனால் லிட்டர் கணக்கில் பார்த்தால் எப்போதும் அதிகம் கொடுப்பவர்கள் ஏழைகள். குழாய்த் தண்ணீரின் விலை லிட்டருக்குச் சில பைசா. குழாய் இணைப்பு இல்லாதவர் 20 லிட்டர் கேனுக்கு 30, 40 ரூபாய் கொடுக்கும்போது அது லிட்டருக்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் ஆகிவிடுகிறது.

கழிப்பறைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கழிப்பறை இல்லாத பெண் இருட்டும்வரை காத்திருக்கிறாள். காத்திருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். சிறுநீர்த் தொற்று வருகிறது. பள்ளியில் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இல்லையென்றால், மாதவிடாய் நாட்களில் மாணவி வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டுவதில்லை. வளர்ச்சி குன்றுகிறது.

இவற்றையெல்லாம் ரூபாயாக்கிப் பார்த்தது உலக வங்கியின் நீர், சுகாதாரத் திட்டம். 2006-ஆம் ஆண்டுக்கான அந்த ஆய்வின்படி, போதிய சுகாதார வசதி இல்லாததால் இந்தியாவுக்கு அந்த ஒரே ஆண்டில் ஏற்பட்ட இழப்பு சுமார் 2.4 லட்சம் கோடி ரூபாய். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6.4 சதவீதம். இதில் 70 சதவீதத்துக்கும் மேல் உடல்நலம் சார்ந்தது: குழந்தைகளின் அகால மரணம், மருத்துவச் செலவு, நோயில் போன வேலை நாட்கள். கழிப்பறை தேடி நடந்த நேரமும் சுற்றுலா வருமான இழப்பும் மீதியில் அடங்கும்.

மறுபக்கக் கணக்கை உலக சுகாதார அமைப்பு 2012-ல் வெளியிட்டது. சுகாதார வசதியில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக ஐந்தரை டாலர் பலன் திரும்புகிறது என்றது அந்த மதிப்பீடு. குடிநீர் வசதியில் போடும் டாலருக்குத் திரும்புவது இரண்டு டாலர்.

திருப்பூர் கட்டிய விலை

போகும் நீரைக் கவனிக்காவிட்டால் ஒரு தொழில் நகரமே எப்படி நின்றுபோகும் என்பதைத் திருப்பூர் அனுபவித்துப் பார்த்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேருகிறது. பனியன் ஏற்றுமதி வளர வளர, சாயப்பட்டறைகள் பெருகின. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பும் சாயமும் கலந்த நீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணை நீரைப் பாய்ச்சினால் மண் கெட்டது, கிணறுகளில் உப்பேறியது. எந்த அணைக்காகக் காத்திருந்தார்களோ அதைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே போராடினார்கள்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நீதிமன்றக் கெடு பலமுறை தள்ளிப்போனது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சுமார் 700 பட்டறைகள் நின்றன. சாயம் இல்லாமல் பனியன் இல்லை. துணியை வெளியூருக்கு, வெளிமாநிலத்துக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்க வேண்டிய நிலை. ஆர்டர்கள் கைமாறின. பட்டறைத் தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள்.

பிறகு தமிழக அரசின் வட்டியில்லாக் கடனோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் திருத்தியமைக்கப்பட்டன. ஊரில் எல்லோரும் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று சொல்லும் முறை அது. சாயநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மீதியைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரின் பெரும்பகுதியையும் உப்பையும் மீட்டுத் திரும்பச் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். செலவு அதிகம், மின்சாரமும் விறகும் விழுங்கும். ஆனால் இன்று வெளிநாட்டு வணிகர்களிடம் திருப்பூர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இந்தச் சுத்திகரிப்பைத்தான். இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தால் ஒரத்துப்பாளையத்து நிலங்கள் தப்பியிருக்கும்.

கழிவுநீருக்கு வாங்குபவர் உண்டு

சென்னைக்குத் திரும்புவோம். ரயில் வந்த அதே 2019-ல், அவ்வளவு ஆரவாரமில்லாமல் இரண்டு நிலையங்கள் செயல்படத் தொடங்கின. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் வழக்கமான முறையில் சுத்திகரித்த கழிவுநீரை மறுபடியும் எடுத்து, எதிர் சவ்வூடு பரவல் முறையில் தெளியவைக்கும் நிலையங்கள். வீடுகளில் ‘ஆர்.ஓ.’ என்று சொல்லும் அதே தொழில்நுட்பம்தான். ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் திறன். கொடுங்கையூர் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. இரண்டும் சேர்ந்து 9 கோடி லிட்டர், அதாவது நாள்தோறும் 36 தண்ணீர் ரயில்கள்.

இதனால் இரண்டு பலன். தொழிற்சாலை கொதிகலனுக்குப் போய்க்கொண்டிருந்த நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. ஏரி வறண்டாலும் தொழிற்சாலை நிற்பதில்லை. மழை பொய்க்கலாம், ஆனால் ஒரு பெருநகரத்தில் கழிவுநீர் வராத நாள் இல்லை. 2003 முதல் சிங்கப்பூர் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் இதையே செய்கிறது. மறுசுத்திகரித்த நீரை முதன்மையாகத் தொழில்துறைக்கும், ஒரு பகுதியை நீர்த்தேக்கத்தில் கலந்து குடிநீருக்கும் அது பயன்படுத்துகிறது. அந்த அளவு அக்கறையோடு ஒவ்வொரு லிட்டரையும் சென்னை இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

லாரி எங்கே போகிறது?

பாதாளச் சாக்கடை பெருநகரத்துக்கான தீர்வு. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளிலும் கிராமங்களிலும் பல வீடுகளுக்கு இருப்பது செப்டிக் டேங்க். அது நிரம்பியதும் லாரிக்காரருக்குப் போன் போகும். அரை மணி நேரத்தில் தொட்டி காலி. அந்த லாரி அடுத்து எங்கே போகிறது என்று கேட்கும் வழக்கம் இல்லை. இரவில் ஏரிக்கரையிலோ ஓடையிலோ திறந்துவிடப்பட்டால், ஒரு வீட்டின் மலக்கசடு இன்னொரு ஊரின் குடிநீர்க் கிணற்றில் சேருகிறது. கழிப்பறை கட்டியதால் கிடைத்த நன்மை அங்கேயே கரைந்துவிடுகிறது.

இதற்கு ஒரு பதில் மதுராந்தகம் அருகே கருங்குழிப் பேரூராட்சியில் 2017-ல் கிடைத்தது. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அங்கே அமைந்தது. நாளைக்குச் சுமார் 23,000 லிட்டர் கசடைப் பெறும் அளவு. லாரி கொண்டுவரும் கசடு மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் வடிகிறது. நீர் கீழே இறங்கிச் சுத்திகரிப்புக்குப் போகிறது. மேலே காய்ந்த கசடு எருவாகிறது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு சிற்றூர் தாங்கக்கூடிய செலவில் நடக்கும் வேலை. பின்னர் மாநிலத்தின் மற்ற நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் கட்டப்பட்டன. கழிவுநீர் லாரிகளுக்கு உரிமமும், போகும் வழியைக் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் கட்டாயமாக்கப்பட்டன.

குழிக்குள் இறங்கும் மனிதர்

இத்தனை கணக்குகளிலும் சேராத ஒரு விலை இருக்கிறது. அடைத்த சாக்கடைக்குள் இறக்கிவிடப்படும் மனிதர் விஷவாயு தாக்கி இறக்கிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் இறக்கிறார். இறப்பவர்கள் பெரும்பாலும் தலித் சமூகத்தினர். நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அரசுக் கணக்குகளில், 1993 முதல் இப்படி அதிகம் பேர் இறந்த மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-லும், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் சேர்த்துத் தடுக்க 2013-லும் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவிட்டது. மரணங்கள் நிற்காததால் 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

சாக்கடைக்குள் மனிதர் இறங்க வேண்டிய தொழில்நுட்பத் தேவை எதுவும் இன்று இல்லை. உறிஞ்சும் வண்டி இருக்கிறது, நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் வண்டி இருக்கிறது, கேரளத்தில் உருவான ‘பேண்டிகூட்’ என்ற எந்திரன் 2018 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தூய்மைப் பணியாளர் குடும்பங்களையே அத்தகைய வண்டிகளுக்கு உரிமையாளர்களாக்கும் திட்டத்தைச் சென்னையில் அரசு தொடங்கியிருக்கிறது. மரணங்கள் அதிகம் நடப்பது இப்போது தனியார் வீடுகளிலும் குடியிருப்புகளிலும் கடைகளிலும் உள்ள தொட்டிகளில். அங்கே ஆளை இறக்கச் சொல்பவர் அரசு அதிகாரி அல்ல, வீட்டுக்காரரோ மேலாளரோதான். சட்டப்படி அவரும் குற்றவாளி.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, நிரம்பி வழியும் முன்பே காலி செய்ய வேண்டும் என்கின்றன வழிகாட்டு விதிகள். அதற்கான அரசு உதவி எண் 14420. வண்டி வந்ததும் கேட்க வேண்டியவை மூன்று: உரிமம் இருக்கிறதா, யாராவது உள்ளே இறங்குவார்களா, இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?